தலையில் விழாத ஆப்பிள்

கே: நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்த கதை நிஜமா, கட்டுக்கதையா?

ப: ஆப்பிள் நிஜம், தலை பொய். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1726-இல், ஆப்பிள் மர நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே வில்லியம் ஸ்டூக்லி என்ற நண்பரிடம் நியூட்டனே பழைய நினைவாகச் சொன்னது இது. பழம் விழுவதைப் பார்த்தாராம், அது ஏன் பக்கவாட்டிலோ மேலேயோ போகாமல் நேராகத் தரைக்கே வருகிறது என்று யோசித்தாராம், அவ்வளவுதான். பிளேக் பரவியதால் கேம்பிரிட்ஜை மூடிவிட, அவர் சொந்த ஊரான ஊல்ஸ்தார்ப்பில் வீட்டோடு இருந்த 1665-66 காலம் அது. ஆனால் நிலாவைப் பிடித்து வைத்திருப்பதும் இதே விசைதான் என்று கணக்கோடு காட்டிய அவருடைய பிரின்சிப்பியா நூல் வெளிவந்தது 1687-இல். நடுவில் இருபது வருஷம்! அதுவும் 1684-இல் வானியலாளர் ஹாலி நேரில் போய், கோள்களின் பாதை என்ன வடிவம் என்று கேட்டபோது, "நீள்வட்டம், முன்பே கணக்குப் போட்டுவிட்டேன்" என்றவர் அந்தத் தாளை எங்கே வைத்தார் என்று தேடிக் கிடைக்கவில்லை. புத்தகத்தை அச்சிட லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியிடம் காசும் இல்லை, மீன்களைப் பற்றிய ஒரு பெரிய நூலில் அதைக் கொட்டியிருந்தார்கள். ஹாலி கைக்காசு போட்டார். பள்ளிப் பாடத்தில் ஆப்பிளுக்குப் பதில் இந்த மீனைச் சேர்க்கலாம் என்பேன்.

கே: கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும் என்று காட்ட, பைசா கோபுரத்தின் மேலேறி கலிலியோ இரண்டு குண்டுகளைப் போட்டாரா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ப: ஒரே வார்த்தையில் முடியாததைக் கேட்டுவிட்டு இப்படி மிரட்டினால் எப்படி? பைசா கோபுரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன் என்று கலிலியோ எங்கும் எழுதவில்லை. எழுதியவர் விவியானி. பார்வை போன கடைசிக் காலத்தில் குருவோடு இருந்த சீடர், அதையும் குரு மறைந்த பிறகுதான் எழுதினார். அவர் சொல்லும் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அவர் பிறக்கவே இல்லை. சீடர் குருவைப் பற்றி எழுதினால் கொஞ்சம் தூக்கலாகத்தானே இருக்கும்.

அப்புறம், கோபுரத்திலிருந்து போட்டவர் நிஜமாகவே ஒருவர் உண்டு, நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின். ஒன்றைவிட ஒன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து பலகை மேல் போட்டதில் இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டது என்று 1586-இலேயே எழுதிவிட்டார். பாவம், அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

கலிலியோ செய்த பெரிய வேலை வேறு. கீழே விழும் பொருளின் வேகத்தை அளக்கிற அளவுக்கு நுட்பமான கடிகாரம் அன்று கிடையாது. அதனால் சாய்த்து வைத்த பலகையில் பள்ளம் வெட்டி வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார், விழுகை நிதானமாகிவிட்டது. நேரத்துக்கு? மெல்லிய குழாயில் தண்ணீரை ஒழுகவிட்டு, சேர்ந்த தண்ணீரை எடை போட்டார். இரண்டு மடங்கு நேரம் என்றால் நான்கு மடங்கு தூரம் என்ற விதி இப்படித்தான் பிடிபட்டது. காற்றே இல்லாத நிலாவில் போட்டுப் பார்க்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட் அங்கே நின்று சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாக விட, இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன.

கே: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?

ப: 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். அவர்கள் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள், நிலையமும் சேர்ந்தே விழுகிறது. மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் போவதால் பூமியில் மோதாமல் சுற்றி வருகிறார்கள்.

கே: ஐன்ஸ்டைனே கணக்கில் ஃபெயில் ஆனவர்தானே?

ப: மார்க் குறைந்த அன்று எல்லா வீட்டிலும் வருகிற வாதம்! 15 வயதுக்கு முன்பே கால்குலஸ் படித்து முடித்தவர் அவர். 1895-இல், 16 வயதில், சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்பது உண்மை. ஆனால் கணக்கும் இயற்பியலும் நன்றாகவே எழுதியிருந்தார், காலை வாரியது மற்ற பாடங்கள். 1935-இல் இந்த வதந்தி அச்சாகியிருந்த துணுக்கைக் காட்டியபோது அவரே சிரித்தார். சரி, அவருக்கு நோபல் கிடைத்தது சார்பியலுக்கு என்று நினைத்திருந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள். ஒளிமின் விளைவுக்கு, அதாவது ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புவதை விளக்கியதற்கு.

கே: கடல் நீலமாக இருப்பது வானம் அதில் தெரிவதால்தானே?

ப: வானம் ஏன் நீலம் என்று விளக்கிய ராலே பிரபுவே அப்படித்தான் நினைத்தார், வெட்கப்பட வேண்டாம். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமனுக்கு மத்தியதரைக் கடலைப் பார்த்ததும் அதில் சந்தேகம் வந்தது. கையில் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது. சரியான கோணத்தில் பிடித்தால் நீர்ப்பரப்பில் எதிரொளித்து வரும் ஒளியை அது அடைத்துவிடும். வானத்தின் பிம்பத்தை அப்படி நீக்கிப் பார்த்தும் நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று, கப்பல் பம்பாய் சேர்ந்த கையோடு நேச்சர் இதழுக்கு எழுதி அனுப்பினார். அதில் அவரும் முழுக்கச் சரியில்லை. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதுதான் பெரிய காரணம், மிஞ்சிய நீலத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதே சிதறலின் வேலை. டம்ளர் தண்ணீரில் நிறம் தெரியாதது, அந்த ஆழத்தில் விழுங்கப்படும் சிவப்பு மிகக் கொஞ்சம் என்பதால். ஆனால் கப்பலில் பிடித்த அந்தச் சிதறலை ராமன் விடாமல் துரத்தினார், 1928 பிப்ரவரி 28-இல் அது ராமன் விளைவில், அதாவது மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வரும் என்பதில், போய் நின்றது.