சுரங்க ஊர்களில் சுவிசேஷ சபைகள் எப்படி வேரூன்றின? கோலார் தங்கவயலில் அரிசிக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறினார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நீங்கள் யாரோ சொல்லக் கேட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தங்கவயலில் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், அதாவது லைன் வீடுகளில், ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உள்வேலை செய்தவர். அப்பாவும் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை அதே வேலைதான். அதனால் எனக்கு இதில் கோபம் வராமல் இருக்காது.

சபை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1739-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்களிடம் ஜார்ஜ் விட்ஃபீல்டும் ஜான் வெஸ்லியும் திறந்தவெளியில் பிரசங்கம் செய்தார்கள். அந்தத் தொழிலாளர்களைக் கோயில் (தேவாலயம்) பக்கம் வராத முரடர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. அப்புறம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள வெள்ளீயம், செம்புச் சுரங்கங்களில் வெஸ்லி வழிவந்த மெதடிஸ்ட் சபை ஆழமாக ஊன்றியது. காரணம் எளிது. பட்டம் பெற்ற போதகர்தான் பேச வேண்டும் என்றில்லை, பகலில் குழிக்குள் இறங்குகிறவனே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிக்கலாம். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் கூடினாலே போதும். ஷிப்ட் வேலைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது.

1880-ல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி தங்கவயலுக்கு வந்தபோது கார்ன்வால் ஆட்களும் அந்தப் பழக்கத்தோடு வந்தார்கள். ஆனால் வெள்ளைக்காரர் கொடுத்த மதம் என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அவர்களுக்குப் பங்களா, கிளப், தனி ஆராதனை. எங்கள் ஆட்களுக்கு மூங்கில் தட்டி வீடு. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களில் சிலர் வரும்போதே கிறிஸ்தவர்கள், அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் அங்கே 1853-லேயே தொடங்கிவிட்டது. லைன்களில் சபையை நடத்தியது தமிழ் உபதேசியார்களும் (வேதம் கற்பிக்கும் சபை ஊழியர்கள்) எங்கள் வீட்டுப் பெண்களும்தான்.

அரிசிக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அடுப்பு மாடத்திலிருந்த தகர டப்பாவில் போடுவார். கடன் வாங்கிய அரிசியானாலும் அந்தப் பிடி தப்பாது. சம்பளத்துக்கு முந்தின வாரம் பிடி சின்னதாகும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கோயிலில் சாக்கில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும் அந்தச் சாக்கை யாராவது ஏலத்தில் எடுப்பார்கள். கோயில் கூரைக்குத் தகரம் வாங்கியது அந்தப் பணத்தில். நிலமே இல்லாத ஊரில் அறுப்பின் பண்டிகையும் கொண்டாடினோம். வீட்டுக் கொல்லை முருங்கைக்காயும் பூசணியும், காலைக் கட்டின சேவலும் பீடத்தின் முன்னால் வந்து சேரும். ஓவர்டைம் பணத்தைக் கவரில் போட்டு வைப்பவர்களும் உண்டு. சொல்லுங்கள், யார் யாருக்கு அரிசி கொடுத்தது?

மிஷன் பள்ளிக்கூடத்தால் யாருக்கும் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயன் இருந்தது. அதற்காக ஒரு தலைமுறையே வயிற்றுக்காக விசுவாசத்தை விற்றது என்று பேசுவது அநியாயம்.

தங்கவயலில் வேறு வழியில்லாமல் யாரும் சபைக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலித் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய 'தமிழன்' பத்திரிகை பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே வந்தது, ஆசிரியர் அப்பாதுரையார். பஜனைக் கோயில்கள் இருந்தன, சுயமரியாதைக்காரர்கள் இருந்தார்கள். தாத்தாவும் பக்கத்து வீட்டுப் பௌத்தப் பெரியவரும் வாசலில் உட்கார்ந்து வாதாடுவார்களாம். கேட்டு, எதிர்க்கேள்வி போட்டு, யோசித்துத்தான் அந்தந்த வீடு அதனதன் வழியைத் தேர்ந்தெடுத்தது.

சபை எதற்குத் தேவைப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறை வெடித்தால், நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம், மேலே வீட்டில் அடுக்கிய பாத்திரம் உருளும். உடனே பெண்கள் சுரங்கக் குழியின் (ஷாஃப்ட்) வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, கேஜ், மேலே வரும்போதெல்லாம் யார் முகம் என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை தாத்தா வர வெகுநேரமாகிவிட்டது. ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றது அந்தப் பௌத்தப் பெரியவரின் மனைவி. சபைப் பெண்கள் அங்கேயே மண்ணில் முழங்கால் போட்டார்கள். தாத்தா வந்தார். வராதவர்களின் வீட்டில் அடுத்த வாரம் முழுக்கச் சமையலைப் பார்த்துக்கொண்டது அதே பெண்கள்.

லாபத்துக்கு மாறினோம் என்பவர்களுக்கு இன்னொன்று. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை கிடையாது. பிறகு சீக்கியர்களுக்குக் கிடைத்தது, 1990-ல் பௌத்தர்களுக்கும் கிடைத்தது. கிடைக்கட்டும், அது அவர்களின் உரிமை. ஆனால் ஒரே லைன், ஒரே சாதி, ஒரே சுரங்கம், பாறைத் தூசியால் வரும் ஒரே சிலிகோசிஸ் இருமல்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உள்ள இடம் என் அக்காவுக்கு இல்லை. நன்றாகப் படித்தவள், மேற்படிப்பு அத்தோடு நின்றது. அப்போதும் அப்பா சான்றிதழில் மதத்தை மாற்றி எழுத ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இப்போது தங்கவயல் என்றால் எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம். காற்றுக் காலத்தில், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் மேட்டின், அதாவது சயனைடு மேட்டின் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுவதைப் பற்றிப் பேச ஆளில்லை. பிள்ளைகள் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூரு வேலைக்குப் போய் இரவுதான் திரும்புகிறார்கள். புதன்கிழமை வீட்டு ஜெபமும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது.

நீங்கள் ஆய்வுக்காகக் கேட்டிருந்தால், அங்கே போய் வெள்ளைக்காரர் கல்லறைகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். சபைகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேளுங்கள். பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் குடியிருப்பும் எழுதியிருக்கும். அடுத்து, அந்த டப்பா யார் வீட்டிலாவது இன்னும் இருக்கிறதா என்று வயதான பெண்களிடம் விசாரியுங்கள். பேச ஆரம்பித்தால் நீங்கள் எழுதி முடிக்க மாட்டீர்கள்.