ஷேக்ஸ்பியரை 400 வருடம் கழித்தும் ஏன் கொண்டாடுகிறார்கள்? வெள்ளைக்காரன் ஆண்டதால்தானே?

கேள்வியிலேயே பதிலையும் வைத்துவிட்டீர்கள். நீங்களும் நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸானவராகத்தான் இருப்பீர்கள், அந்தக் கோபம் தெரிகிறது. பாதி உண்மைதான். பாடத்திட்டத்துக்குள் அவரைக் கொண்டுவந்தது ஆட்சிதான். ஆனால் அவருடைய ஹாம்லெட் நாடகத்தைத் தமிழில் அமலாதித்யனாக்கி மேடையேற்றச் சொல்லி நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாருக்கு எந்தக் கலெக்டரும் உத்தரவு போடவில்லையே.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். வருடா வருடம் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகம். அதில் மெக்பெத் தன் அரசன் டங்கனைக் கொன்ற கை ஈரம் காயும் முன்பே கோட்டைக் கதவு தட்டப்படும். மெக்பெத்தும் மனைவியும் உள்ளே ஓட, திறக்க வருபவன் ராத்திரிக் குடி தெளியாத காவல்காரன். நரக வாசலுக்கே தான்தான் காவல் என்று உளறுவான். குடித்தால் மூக்கு சிவக்கும், தூக்கம் வரும், மூத்திரம் வரும் என்பான். அதற்கடுத்துச் சொல்வதை வகுப்பில் விளக்க எனக்குக் கூச்சம், அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவேன். திட்ட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜே அந்த இடம் ஷேக்ஸ்பியர் எழுதியதல்ல, கீழ்த்தட்டு ரசிகர்களுக்காக வேறு யாரோ சேர்த்தது என்றுதான் நினைத்தார்.

ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து, "சார், எங்க ஊர்ல சாவு வீட்டுக்கு இப்படித்தான் ஒருத்தர் குடிச்சிட்டு வருவாரு. அவர் வந்துட்டுப் போனப்புறம்தான் அழுகையே கூடும்" என்றாள். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மே மாதத்துக்குக் கிடையவே கிடையாது. சரி, அது வேறு கதை.

இரண்டு வருடம் கழித்து அப்பா இறந்தார். ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியப்பா மகன் தள்ளாடிக்கொண்டே வந்து ஐஸ் பெட்டி முன்னால் நின்று, "சித்தப்பா, எனக்குத் தர வேண்டிய முந்நூறு ரூபாயை இனிமே யார்கிட்ட வாங்குறது?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். தங்கையும் சிரித்தாள். காலையிலிருந்து கல் மாதிரி உட்கார்ந்திருந்தவள், சிரித்த வாய் மூடுவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

லண்டனில் ஒரு பென்னி கொடுத்து, நின்றுகொண்டே நாடகம் பார்த்த கூட்டத்துக்கும் சேர்த்து எழுதியவர் ஷேக்ஸ்பியர். எந்த இடத்தில் சிரிக்க வைத்தால் அடுத்த அடி ஆழமாக இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லா நாடகத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. அவருடைய சில நகைச்சுவை நாடகங்களுக்கு எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு இன்டர்னலில் எவ்வளவு போட்டேன் என்பது நினைவில்லை. அதிகம் போட்டிருக்க மாட்டேன்.