அண்ணனுக்கு ஒன்பது, தங்கைக்கு நாலு

கேள்வி: ஆல்பத்தை முழுசாகக் கேட்கும் பழக்கத்தை எனக்கு உண்டாக்கியவரே என் அண்ணன்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் இருவருக்கும் பிடித்த இசைக்குழு ஒன்றின் புது ஆல்பம் வந்தது. அவர் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டார், நான் நாலு. முதல் மூன்று பாட்டைத் தாண்டினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்றேன். "வேலைக்கு நடுவே ஷஃபிளில் ஒரு தடவை ஓடவிட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்கிறாயா? உனக்குக் காதே இல்லை" என்றார். "அவர்கள் எதைப் போட்டாலும் உங்களுக்குப் பிடிக்கும்" என்று நானும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து எங்களுக்குள் பாட்டுப் பேச்சே இல்லை. மார்க்கை மாற்றிக்கொள்ளட்டுமா? இசையில் சரி, தவறு என்று ஒன்று உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மார்க்கை மாற்ற வேண்டாம். அண்ணன் மனம் நோகக்கூடாது என்று நாலை ஏழாக்கினால், நாளைக்கு நீங்கள் நிஜமாகவே ஒன்பது போடும்போது அவர் நம்பமாட்டார். ஆனால் அந்த நாலு எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

ஷஃபிளில், அதாவது போன் வரிசையைக் கலைத்துப் போட, கேட்டதாக அவர் சொன்னதை உங்கள் கடிதம் மறுக்கவில்லை. அப்படியென்றால் அந்த 'முதல் மூன்று பாட்டு' எது? குழு முதலில் வைத்த மூன்றா, உங்கள் போன் எடுத்துக்கொடுத்த மூன்றா? போன் கொடுத்தது என்றால், நாலாவது பாட்டில் தொய்ந்தது ஆல்பமா, வேலையில் சிக்கியிருந்த உங்கள் கவனமா என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்று ஆல்பம் போடுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எந்த வேகத்துக்குப் பின் எந்த வேகம், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் எத்தனை விநாடி மௌனம் என்பதெல்லாம் அதில் அடங்கும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும்; ஆகவே தட்டைத் திருப்பிப் போட்டதும் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதே தனிக் கணக்கு. தட்டு போனாலும் அந்த அக்கறை போகவில்லை. 2021-ல் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முதல் பொத்தானாக வைப்பதைப் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை கைவிட்டது. ஆகவே ஒரே ஒரு தடவை, வேறு வேலை எதுவும் இல்லாமல், அவர்கள் வைத்த வரிசையில் கேளுங்கள். அதன் பிறகும் நாலுதான் என்றால் நாலுதான்.

இதனால் அண்ணன் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர் அந்த ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருப்பார்? ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அர்த்தமில்லாத சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். எதை அதிகத் தடவை காட்டினாரோ, அதன்மீது அவர்களுக்குப் பிடிப்பும் கூடியது. பழகப் பழகப் பிடிக்கும் என்பது அவ்வளவு அடிப்படையான விஷயம். 'கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்' என்று ரசிகர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் சுமாரான ஆல்பமும் கேட்கக் கேட்கப் பிடித்துப்போகும் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரு தடவை கேட்டவரின் நாலைப் போலவே, முப்பது தடவை கேட்டவரின் ஒன்பதையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, தவறு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2006-ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிரபலமாகாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகள். 14,000-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். ஒருவர் விருப்பம் இன்னொருவருக்குத் தெரியாமல் ஒரு பகுதியினர் கேட்டார்கள். மற்றவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, தங்கள் குழுவில் எந்தப் பாட்டு எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதைப் பார்க்கவிட்டார்கள். ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு பாட்டு முன்னுக்கு வந்தது. தனியாகக் கேட்டவர்கள் சிறந்ததாகக் கருதியது எங்கும் அடிமட்டத்துக்குப் போவது அரிது. படுமோசம் என்றது மேலே வருவதும் அரிது. நடுவில் இருந்தவை எங்கு வேண்டுமானாலும் போயின. நாமெல்லாம் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான்.

பெரிய பத்திரிகைகளுக்கும் இதே கதிதான். ரோலிங் ஸ்டோன் 2003-ல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்'ஸுக்கு. 2020-ல் புதிதாக வாக்கெடுத்தபோது அது 24-வது இடத்துக்கு இறங்கியது. 2003-ல் ஆறாவதாக இருந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. இரண்டு ஆல்பத்திலும் ஒரு சுரம்கூட மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறியிருந்தார்கள்.

ரசனைக்கு ஓர் அளவுகோல் உண்டு என்று 1757-ல் வாதாடிய தத்துவஞானி டேவிட் ஹியூமே ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார். பழைய ரோமானிய எழுத்தாளர்களில் இருபது வயதில் ஓவிட், நாற்பதில் ஹோரஸ், ஐம்பதில் டாசிடஸ் பிடிப்பது இயல்பு, அதைத் தவறு என்று சொல்ல முடியாது என்கிறார். உங்களுக்கும் அண்ணனுக்கும் பத்து வயது வித்தியாசம். பதின்வயதில் கேட்டது மனதில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழு அவருக்கு அந்த வயதில் வந்திருந்தால், புது ஆல்பத்தில் அவர் காதில் விழுவது உங்கள் காதில் விழுவதைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் சொன்னதுதான் இரண்டில் கடுமையானது. 'காதே இல்லை' என்பது கோபத்தில் வந்த வார்த்தை, மறந்துவிடலாம். 'எதைப் போட்டாலும் பிடிக்கும்' என்றால் அவருடைய ரசனைக்கே மதிப்பில்லை என்று ஆகிவிடுகிறது. அதுவும் கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடம்.

மார்க்கைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். ஒன்பதுக்கும் நாலுக்கும் நடுவே பேசுவதற்கு எதுவும் இல்லை. பாட்டையும் நிமிடத்தையும் சொல்லிப் பேசுங்கள். 'உயிரே இல்லை' என்றால் அவர் என்ன பதில் சொல்வார்? 'ஆறாவது பாட்டில் பல்லவி வரும்போது கிட்டார் சத்தத்தில் குரல் அமுங்கிப்போகிறது' என்றால் அவர் அதைப் போட்டுப் பார்க்கலாம். அது தனக்குப் பிடித்த இடமே என்றுகூடச் சொல்லலாம். நீங்கள் குரலைத் தேடிக் கேட்கிறீர்கள், அவர் மொத்தச் சத்தத்தைக் கேட்கிறார் என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரியவரும். 'ஒரே மாதிரி' என்ற உங்கள் குறையும் சோதிக்கக்கூடியதே: வேகம் ஒன்றா, டிரம்ஸ் அடிப்பது ஒரே விதமா, எல்லாப் பாட்டும் ஒரே இடத்தில்தான் உச்சத்துக்குப் போகின்றனவா? எல்லாம் ஆமாம் என்றாலும், அதையே 'ஒருமை' என்று அவர் ரசிக்கலாம். அதற்கு மேல் வாதாடாதீர்கள். குழுவின் பழைய ஆல்பத்தோடு ஒப்பிட்டால் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

அப்புறம் அவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணா, அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிச்சிடுங்க. வரிசையா ஒரு தடவை கேட்டேன். இன்னும் நாலுதான். உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சது? பாட்டும் நிமிஷமும் சொல்லுங்க, அதை மட்டும் திரும்பக் கேட்கிறேன்." நாலு ஐந்தாகியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கேட்காமலேயே மட்டும் அனுப்பிவிடாதீர்கள். முதல் பாட்டு எது என்று கேட்பார்.