ஆட்டிசம் உள்ள மகனுக்கு எந்த உடற்பயிற்சி ஒத்துவரும்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் உண்டு. சில சொற்கள்தான் பேசுவான். கையைக் கடித்துக்கொள்வதைக் குறைக்க ரிஸ்பெரிடோன் என்ற மருந்து கொடுக்கிறோம். அதற்குப் பிறகு எடை ஏறிக்கொண்டே போகிறது. கராத்தே வகுப்பில் சேர்த்தோம். காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். பள்ளியில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். வீட்டில் குதிப்பான், ஊஞ்சல் பிடிக்கும், நுனிக்காலில் நடப்பான். இவனுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்? உடற்பயிற்சியால் ஆட்டிசம் குணமாகும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குணமாகாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். ஆனால் பயன் நிச்சயம் உண்டு. ஆட்டிசத்துக்கான வழிமுறைகளை அலசி அமெரிக்காவில் 2020-ல் வெளியான ஓர் அறிக்கை, போதிய ஆதாரம் உள்ளவை என்று 28 முறைகளைப் பட்டியலிட்டது. அதில் உடற்பயிற்சியும் ஒன்று. பயிற்சி முடிந்த கையோடு கொஞ்ச நேரம் கவனம் கூடுவதையும், கையை உதறுவது, ஆடிக்கொண்டே இருப்பது போன்றவை குறைவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில பிள்ளைகளுக்குத் தூக்கமும் சீராகிறது.

கராத்தே வகுப்பு ஏன் கைகூடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். எதிரொலிக்கிற கூடம், கூட்டமாகக் கத்தல், வாயால் சொல்லும் கட்டளைகள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இது எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியாததுதான். நம் பிள்ளைகள் பலர் பயிற்சியை வெறுப்பதில்லை, முடிவு தெரியாமல் மாட்டிக்கொள்வதைத்தான் வெறுக்கிறார்கள். அதனால் பயிற்சியைப் புதிதாகத் தேட வேண்டாம். அவன் ஏற்கெனவே செய்யும் குதித்தலுக்கு ஓர் ஆரம்பமும் ஒரு முடிவும் கொடுங்கள், போதும்.

இப்படிச் செய்யலாம். ஒரு பக்கெட்டில் ஐந்து பிளாஸ்டிக் வளையங்கள். தரையில் சாக்பீஸால் பாண்டி ஆட்டக் கட்டங்கள். ஒரு வளையத்தை எடுத்து, கட்டங்களில் குதித்துப் போய், எதிர்ப்பக்கம் உள்ள கம்பில் மாட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். பக்கெட் காலியானால் முடிந்தது, உடனே ஊஞ்சல். "முதலில் வளையம், அப்புறம் ஊஞ்சல்" என்பதை இரண்டு போட்டோக்களாக எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். விளக்கிப் பேசாதீர்கள், நீங்கள் ஒரு முறை குதித்துக் காட்டுங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம் தாண்ட வேண்டாம். நன்றாகத்தானே செய்கிறான், இன்னும் இரண்டு தடவை என்று மட்டும் நீட்டிவிடாதீர்கள். பக்கெட் காலியானால் முடிவு என்ற வாக்கை நீங்கள் மீறினால் மறுநாள் வரமாட்டான்.

அது பழகியபின் வளையங்களைக் கூட்டலாம், ஒன்றிரண்டு வேலைகளைச் சேர்க்கலாம். இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டில்கள் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, படியேறுவது. தசைக்கு வேலை கொடுக்கும் இந்த மாதிரிக் காரியங்கள் சில பிள்ளைகளை நன்றாக அமைதிப்படுத்தும். 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதேதான். பார்த்து மலைக்காதீர்கள். காலையில் பத்து, மாலையில் பத்து என்று சிதறிச் சேர்ந்தாலும் கணக்குதான்.

தோப்புக்கரணம் நல்ல பயிற்சியே. ஆனால் பள்ளியில் தண்டனையாகக் கொடுத்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெயிலில் கவனம் தேவை. தாகம், களைப்பு, வலி எதையும் அவன் சொல்லாமல் இருக்கலாம், முகத்திலும் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திராமல் நீங்களே இடையிடையே தண்ணீர் கொடுங்கள். மொட்டை மாடி வேண்டாம்.

நீச்சல் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மிகவும் பிடிக்கும். ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்ற சிறுமி 2022-ல், 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை நீந்தி வந்தார். அதை நம் வீட்டுப் பிள்ளைக்கு இலக்காக வைக்க வேண்டாம், சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டைவிட்டு ஓடிப்போகும் பழக்கமும் தண்ணீர் மோகமும் சேர்வதால், இவர்களிடையே நீரில் மூழ்கி இறப்பது மற்ற பிள்ளைகளைவிட அதிகம். கற்றுக்கொடுங்கள். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அவனை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் கேட்காமல் குளத்தில் இறக்காதீர்கள்.

பள்ளிக்கு வருவோம். விளையாட்டில் மற்ற பிள்ளைகளோடு சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பி.டி. ஆசிரியரிடம் சின்னதாகக் கேளுங்கள்: அவன் பக்கத்தில் விசில் ஊதாமல் கையால் சைகை காட்ட முடியுமா, கூட ஓட ஒரு பையனைச் சேர்த்துவிட முடியுமா? வீட்டு வளைய விளையாட்டை வீடியோ எடுத்துக் காட்டினால் பல ஆசிரியர்கள் இறங்கி வருவார்கள்.

எடை விஷயம். ரிஸ்பெரிடோன் பசியைக் கூட்டும். பயிற்சி மட்டும் அதைச் சமாளிக்காது, சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் எடையேற்றத்தைச் சொல்லி, சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டுமா, அளவை மாற்றலாமா என்று கேளுங்கள்.

நுனிக்கால் நடை ஆட்டிசத்தில் அடிக்கடி காண்பது. குதிகாலைத் தரையில் முழுதாக ஊன்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கெண்டைக்கால் தசை இறுகியிருக்கலாம். அப்படியிருந்தால் குதிக்கும் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிடட்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் டி.ஈ.ஐ.சி. மையத்தில் கேளுங்கள். முன்பு நன்றாக நடந்தவன் புதிதாக இப்படி நடக்கிறான் என்றாலோ, ஒரு காலில் மட்டும் என்றாலோ தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.