யாகி ஆண்டெனா (ஒரே திசையில் குறிவைக்கும், குழாய்களை வரிசையாகக் கோத்த ஆண்டெனா) போட்டால் ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலியில், உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? மாடியில் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த நேர்க்கம்பி ஆண்டெனா) போதாதா?

நன்றாகவே தெரியும். அதுவும் பேசுவதைவிடக் கேட்பதில்தான் அதிகம் தெரியும். நான் பல்லடத்துக்குத் தெற்கே இருக்கிறேன். சுற்றிலும் விசைத்தறி. தறிக்குடோன் மோட்டார், எல்இடி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து கிளப்பும் இரைச்சலில், தூரத்து நிலையங்கள் டைபோலில் முங்கிப் போய்விடும். டைபோல் முன்னும் பின்னும் ஒரே அளவில்தான் கேட்கும். மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்) கொண்ட யாகி, பின்பக்கத்திலிருந்து வருவதை 15 முதல் 20 டெசிபல் (அலையின் வலிமையை ஒப்பிடும் அளவு) வரை அமுக்கிவிடும். வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபல். என் வீட்டுக்குத் தென்கிழக்கே பெரிய குடோன் ஒன்று இருக்கிறது, ஐரோப்பாவோ வடமேற்கே. சாயங்காலம் ஐரோப்பா திறக்கும், அதாவது அங்கிருந்து அலைகள் வந்து சேரத் தொடங்கும் நேரத்தில் தறியும் முழு மூச்சாக ஓடும். யாகியை வடமேற்கே திருப்பினால் ஏழில் நிற்கிற இரைச்சல் நாலுக்கு இறங்கி, அடியில் கிடந்த குரல்கள் மேலே வரும். யாகி போட்டதற்கு இது ஒன்றே எனக்குப் போதும்.

பேசுவதிலும் லாபம் உண்டு. டைபோலைவிடச் சுமார் 5 டெசிபல் கூடும். 100 வாட் டிரான்ஸ்சீவர் (பேசவும் கேட்கவும் உள்ள ரேடியோ பெட்டி), அந்தத் திசையில் மட்டும் 300 வாட் மாதிரிப் போகும். அதே பணத்துக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமே என்பார்கள். ஆம்ப்ளிஃபையர் உங்கள் குரலைத்தான் பெரிதாக்கும், எதிராளி சொல்வதைக் கேட்க உதவாது. நான் யாகி பக்கம்தான்.

இது நமக்குப் புதுசும் இல்லை. அந்தக் காலத்தில் கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பி வைத்த டிவி ஆண்டெனாவும் யாகிதான். 1926-ல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் கொடுத்தது. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது என்பதால், யாகி-உடா என்று முழுப்பெயர் சொல்வதே நியாயம்.

திசை விஷயத்தில் பள்ளிக்கூட வரைபடத்தை நம்பாதீர்கள். பூமி உருண்டை, அலை குறுக்கு வழியில் போகும். வடக்கு 0, கிழக்கு 90 என்று எண்ணினால், கோவைப் பக்கமிருந்து லண்டனுக்குச் சுமார் 320 டிகிரி, டோக்கியோவுக்கு 55. நியூயார்க்குக்கு 335, அதாவது கிட்டத்தட்ட வடக்கு. சான் பிரான்சிஸ்கோ வடக்கிலிருந்து 20 டிகிரி கிழக்கே! அமெரிக்கா மேற்கில்தானே என்று கேரளா பக்கம் திருப்பி வைத்தால் ஒன்றும் கேட்காது.

சரி, நம்மூரில் யாகி போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது காற்றை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அது வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஆண்டெனா மீதான விசை நாலு மடங்காகும். அதனால் கம்பத்துக்கு மூன்று பக்கமாவது ஸ்டே கம்பி (இழுத்துக் கட்டும் கம்பி) போடுங்கள். ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டருக்கு மேலே ஒரு பேரிங் வையுங்கள், பாரம் முழுவதும் ரொட்டேட்டர் பல்சக்கரத்தில் விழக்கூடாது. கிளாம்ப், பேரிங் தாங்கி எல்லாம் கோவை லேத் பட்டறைகளில் அளவு சொன்னால் கடைந்து தருவார்கள், கடையில் வாங்குவதைவிடக் கெட்டியாகவே இருக்கும். அப்புறம், பேசாத நேரத்தில் பூமை (எலிமென்ட்களைத் தாங்கும் நடுக்குழாயை) வடக்கு தெற்காக நிறுத்தி வையுங்கள். எலிமென்ட்கள் கிழக்கு மேற்காக, காற்றின் போக்கிலேயே கிடக்கும். பூம் மட்டும்தான் காற்றை வாங்கும். அந்த நிலையில் முனை அமெரிக்கா பக்கம் பார்த்திருப்பது கூடுதல் வசதி. எங்கள் பக்கம் மயில் வேறு அதிகம். எலிமென்ட் நுனியில் வந்து உட்கார்ந்தால் மெல்லிய குழாய் வளைந்துவிடும், நுனிக்கும் கொஞ்சம் கெட்டியான குழாயே போடுங்கள்.

எதில் தொடங்குவது? 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு (பேசும் அலைவரிசைத் தொகுதிக்கு) ஒவ்வொரு எலிமென்ட்டும் சுமார் 10 மீட்டர், சாதாரண மாடிக்கு அது பெரிய பாரம். 28 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் போதும். ஆண்டெனாவுக்கு நல்லதான, அலைநீளத்தில் பாதி உயரமும் 5 மீட்டர்தான் என்பதால், மாடி வீட்டில் சின்னக் கம்பமே தாராளம். ஒன்றுதான் குறை: அந்தப் பட்டை சூரியனை நம்பியிருக்கிறது, சூரியப் புள்ளிகள் குறையும் வருடங்களில் பல நாள் அமைதியாகக் கிடக்கும். பல பட்டைகள் வேண்டுமென்றால் ஹெக்ஸ்பீம் பாருங்கள். ஃபைபர் குச்சிகளில் கம்பி கட்டிய ஆண்டெனா, எடை குறைவு, காற்றையும் குறைவாகவே வாங்கும். இந்தக் காற்று நாட்டுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

எதைப் போட்டாலும் டைபோலைக் கழற்றிவிடாதீர்கள். எந்தத் திசை திறந்திருக்கிறது என்று தெரியாதபோது முதலில் அதில் கேட்டுவிட்டு யாகியைத் திருப்புவதுதான் சுலபம். சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு இடி இடிக்கத் தொடங்குவதற்கு முன்பே கோஆக்ஸை (ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிளை) ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கம்பத்துக்குத் தனி எர்த் கட்டாயம்.