கற்றல் குறைபாடும் உளப்பகுப்பாய்வு சிகிச்சையும்: கேள்வி பதில்

சென்னையில் குழந்தைகளுக்கு உளப்பகுப்பாய்வு சிகிச்சை (விளையாட்டிலும் பேச்சிலும் வெளிப்படும் மனத்துயரத்தைப் புரிந்துகொள்ள உதவும் சிகிச்சை) அளிப்பவர் பதிலளிக்கிறார்.

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு டிஸ்லெக்சியா. விளையாட்டு வழியாகச் செய்யும் உங்கள் சிகிச்சையால் வாசிப்பு வந்துவிடுமா?

வராது. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைப்பதில் உள்ள சிக்கல் டிஸ்லெக்சியா. அதற்குச் சிறப்பாசிரியரின் முறையான பயிற்சிதான் வழி. அதைக் குணப்படுத்தித் தருவதாக யார் சொன்னாலும் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் வேலை, அந்தக் குறைபாட்டின் மேல் குழந்தை ஏற்றிக்கொள்ளும் இன்னொரு சுமையைப் பற்றியது. லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளித்த வேலரி சினாசன் இதை இரண்டாம் நிலைக் குறைபாடு என்று விளக்கினார். மற்றவர்களைப் போல நான் இல்லை என்ற வலியைத் தாங்க முடியாமல், இருப்பதைவிடக் கூடுதலாகவே இயலாமையைக் காட்டும் குழந்தைகள் உண்டு. எந்நேரமும் சிரித்தே துயரத்தை மறைப்பவர்களும் உண்டு.

என்னிடம் வந்த எட்டு வயதுச் சிறுவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) வாராவாரம் மிருக பொம்மைகளை வரிசையாக நிறுத்துவான். கால் உடைந்த குதிரையை மட்டும் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, "இவன் ஃபெயில், ஸ்கூல்ல சேக்க மாட்டாங்க" என்பான். அங்கே குதிரைக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்ட அன்று பொம்மைப் பெட்டியையே கவிழ்த்துவிட்டான். குதிரை ஏன் அழுகிறது என்று அவனே சொல்லத் தொடங்கப் பல மாதங்கள் ஆயின. அதன் பிறகுதான், வகுப்பில் "தெரியாது மிஸ்" என்று சொல்வதற்கு முன் புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். வாசிப்பு அவனுக்கு இன்றும் கடினமே.

வேளச்சேரி சிறப்பாசிரியர் ஒருவர்: பொம்மையோடு போகும் நேரம் பயிற்சிக்கு நஷ்டம் அல்லவா? தாய்மேல் பழி போட்ட துறைதானே உங்களுடையது?

இரண்டாவது குற்றச்சாட்டை ஏற்கிறேன். ஆட்டிசத்துக்குப் பெற்றோரின் அன்பின்மையைக் காரணமாக்கி 1967இல் நூல் வெளியிட்ட புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர், தாய்மார்களுக்குப் பெரும் அநீதி இழைத்தார்கள்; எங்கள் துறை அதை மறைக்கக் கூடாது. முதலாவதை ஏற்க மாட்டேன். நோட்டைத் திறந்ததும் வயிற்றுவலி வரும் குழந்தைக்கு நீங்கள் எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் அது உள்ளே இறங்குவதில்லை.

அதே ஆசிரியர்: அப்படியானால் முதலில் சிகிச்சை, பிறகுதான் பயிற்சியா?

இல்லவே இல்லை. பயிற்சியைத் தள்ளிப்போடச் சொல்லும் சிகிச்சையாளர் குழந்தைக்குக் கெடுதல் செய்கிறார். இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். குழந்தை எங்களிடம் சொன்னதை வெளியிடாமலேயே, அதன் பயம் எங்கே தொடங்குகிறது என்பதை உங்களுடன் பேச முடியும்.

அம்பத்தூர்: எத்தனை மாதத்தில் சரியாகும்?

இதே கேள்வி இன்று பல வடிவங்களில் வந்துவிட்டது. முதல் பதிலைப் படியுங்கள். மாதக் கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள்.

தாம்பரம்: பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் பெறுவது எப்படி?

இது என் துறை அல்ல. மதிப்பீட்டுச் சான்றுடன் தலைமையாசிரியரை இப்போதே பாருங்கள்.

மயிலாப்பூர்: மகளுக்கு அறிவுசார் குறைபாடு, பேச்சும் குறைவு. பயன் உண்டா?

உண்டு. பேச்சு ஏறக்குறைய இல்லாத நான்கு வயதுச் சிறுவனுடன் பொம்மை ரயில்களை வைத்துச் சிகிச்சையைத் தொடங்கியதை, குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வின் முன்னோடியான மெலனி கிளைன் 1930இல் எழுதியிருக்கிறார். ஒரே அறை, ஒரே கிழமை, அவளுக்கென்று ஒரு பொம்மைப் பெட்டி என்ற மாறாத ஒழுங்குதான் முதலில் தேவை.

மயிலாப்பூர் மீண்டும்: அவளிடம் என்ன சொல்லி அழைத்து வருவது?

உண்மையை. டியூஷன் என்றோ கடைக்குப் போகிறோம் என்றோ சொல்லாதீர்கள். "உனக்குக் கஷ்டமாக இருப்பதை விளையாடிக் காட்ட ஒருவர் இருக்கிறார், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடியே வெளியே உட்கார்ந்திருங்கள்.