கல்லீரல் கேள்வி-பதில்: தம்ளர், கீழாநெல்லி, வளைகுடா மெடிக்கல்

ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. – வாசகர், காரைக்குடி

எந்த ரிசல்ட்? எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம்) பாசிட்டிவ் என்றால் கிருமி உடம்பில் இருக்கிறது. ஆன்டி எச்.பி.எஸ். (அதை எதிர்க்கும் ஆன்டிபாடி) மட்டும் என்றால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, சந்தோஷப்படுங்கள். தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதக்கூடாதா?

மருமகளுக்கு ஹெபடைடிஸ் பி. தட்டு, தம்ளர் தனியாக வைத்திருக்கிறோம். போதுமா? – ஆச்சி, பள்ளத்தூர்

அது வேண்டவே வேண்டாம், ஆச்சி. ஒரே பந்தியில் சாப்பிட்டு இது யாருக்கும் வந்ததில்லை. இரத்தம், உடலுறவு, பிரசவம், இந்த வழிகளில்தான் பரவும். ரேசர், நகவெட்டி, பல் பிரஷ் தனியாக இருக்கட்டும். மகனுக்கு டெஸ்ட் எடுத்து, தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் 3 தடுப்பூசி போடுங்கள். அவசரம் அதில்தான்.

தம்பிக்கு 4 வருடமாக பி வைரஸ். டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டு வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸின் அளவு) ஜீரோ. இனி கீழாநெல்லிக்கு மாறலாமா? – தேவகோட்டை

வந்துவிட்டது! கீழாநெல்லி இல்லாமல் கடிதக் கட்டு வருவதே இல்லை.

பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் 100-க்கு 95 பேருக்கு உடம்பே கிருமியைத் துரத்திவிடும். வெறும் கஞ்சி குடித்தாலும் காமாலை இறங்கும். பேரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகும். 6 மாதம் தாண்டியும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. போகவில்லை என்றால் நாள்பட்ட தொற்று. உங்கள் தம்பி அந்தக் கணக்கு.

செடியை நான் இளக்காரமாகப் பேசவில்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பர்குடன் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது: கீழாநெல்லிப் பொடி சாப்பிட்டவர்களில் 100-க்கு 60 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்ததாம். இதுவரைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். பிற்பாடு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் அந்த ஜீரோ. அது இரத்தத்தில் மட்டும். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் டி.என்.ஏ. வளையமாக உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை நகல்களைத் தடுக்கிறது. மூலப் பத்திரம் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. நிறுத்தினால் மறுபடி நகல் கிளம்பும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போகும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பி வைரஸ் இருக்கிறது. விசேஷ நாளில் கொஞ்சம் குடிக்கலாமா? – பெயர் வேண்டாம்

கூடாது.

குன்றக்குடியில் பேரனுக்கு மொட்டை. பிளேடு பயம். – கோட்டையூர்

நியாயமான பயம். உறையைப் பிரித்துப் புது பிளேடு மாட்டுவதைக் கண்ணால் பாருங்கள். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாள் தாக்குப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி எடுத்தேன் என்ற சமாதானம் செல்லாது.

பி வைரஸ் என்று வளைகுடா மெடிக்கலில் மகனைக் கழித்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் நெகட்டிவ் ஆக்குவதாக ஒருவர் பணம் கேட்கிறார். – புதுவயல்

கொடுக்காதீர்கள். டெனோஃபோவிராலேயே அது முடியாது. வைரல் லோடு, எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), ஸ்கேன் மூன்றையும் பார்த்துத்தான் மாத்திரை தேவையா என்று சொல்ல முடியும். தேவையென்றால் அரசுத் திட்டத்தில் இலவசம். தொடங்கினால், மறுபடி சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7-ஆம் மாதம், எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ். தாய்ப்பால் கொடுக்கலாமா? – கானாடுகாத்தான்

தாராளமாக. ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள ஆன்டிபாடி) ஊசி. பிறக்கும்போது தொற்றினால் 10-இல் 9 குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிவிடும். வைரல் லோடு 2 லட்சத்துக்கு மேல் என்றால் உங்களுக்கும் மாத்திரை உண்டு. இந்த வாரமே பாருங்கள்.